டொமினிக்கன் குடும்ப வேர்களைத் தேடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கரீபியனில் டொமினிக்கா என்று ஒரு சிறு தீவு நாடு இருக்கிறது. ஆங்கிலம் பேசும் நாடு, தலைநகர் ரோசோ. நாம் பார்க்கப்போவது அதுவல்ல. ஹிஸ்பானியோலா தீவை ஹைட்டியோடு பங்கிட்டுக்கொண்டிருக்கும், ஸ்பானிஷ் பேசும் டொமினிக்கன் குடியரசு. இணையத் தேடலில் இரண்டும் அடுத்தடுத்து வரும் என்பதால் நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே கவனம் வேண்டும்.

நியூயார்க் பக்கம் டொமினிக்கன் மருமகளோ மருமகனோ வாய்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். பேரப்பிள்ளைகளின் வம்சத்தில் ஒரு பாதியை மட்டும் எழுதி வைத்துவிட்டு நிறுத்துவது நியாயமில்லையே.

படி 1: பெரியவர்களிடம் கேளுங்கள், ஊரைப் பிடியுங்கள்

ஆளின் பெயரை விட ஊரின் பெயர் முக்கியம். ஹுவான் ரோத்ரிகெஸ் என்ற பெயரில் நூற்றுக்கணக்கானோர் கிடைப்பார்கள். மோகாவுக்கு அருகே இன்ன கிராமத்தில், இன்ன பங்குக் கோயிலில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர் என்றால் ஓரிருவர்தான் மிஞ்சுவார்கள். தலைநகரில் பிறந்தவர் என்று சொன்னாலும், தாத்தா எந்தக் கிராமத்திலிருந்து வந்தார் என்று மேலும் கேளுங்கள்.

அழைக்கும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். வீட்டில் ‘ஃபெயோ’ என்று அழைக்கப்பட்டவர் ஆவணத்தில் ரஃபாயேல் ஆக இருப்பார். ‘சாகோ’ என்பவர் சான்டியாகோ. பேரப்பிள்ளைகளுக்கே உண்மைப் பெயர் தெரியாமல் போவது அங்கே சாதாரணம். பழைய அடையாள அட்டை, இரங்கல் அட்டை, கல்லறை எழுத்து, அமெரிக்கக் குடியுரிமைத் தாள் என எது கிடைத்தாலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இரட்டைக் குடும்பப் பெயரைப் படிக்கப் பழகுங்கள்

தலைப்பெழுத்தோடு வாழும் நமக்கு இது கொஞ்சம் புதிது. முதலில் வருவது தந்தையின் குடும்பப் பெயர், அடுத்தது தாயுடையது. மணமான பெண் தன் பெயரை இழப்பதில்லை. அதனால் தாய்வழியைத் தேடுவது ஆங்கிலேய ஆவணங்களில் தேடுவதை விட எளிது.

சிக்கல் வேறிடத்தில் வரும். பெற்றோர் மணம் செய்துகொள்ளாமல் பிறந்த குழந்தையை ‘இஹோ நாத்துரால்’ என்று எழுதுவார்கள். அதற்குத் தாயின் குடும்பப் பெயர்தான். தந்தை பிறகு ஏற்றுக்கொண்டால் பெயர் மாறும். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகள் வெவ்வேறு குடும்பப் பெயர்களில் இருப்பதைக் கண்டால் பதிவு தவறு என்று ஒதுக்கிவிட வேண்டாம். மணவாழ்க்கையைப் பதிவு செய்யாமலேயே வாழ்வது அந்த நாட்டில் பரவலாக இருந்தது. அதில் மறைக்க எதுவும் இல்லை.

படி 3: அரசுப் பதிவேடு

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் தேர்தல் வாரியமான ‘ஹுந்தா சென்ட்ரல் எலெக்டோரல்’ வசம் இருக்கின்றன. சான்றிதழ் கேட்கும்போது சுருக்கப் பிரதியை வாங்காதீர்கள். ‘இன்எக்ஸ்டென்சா’ எனப்படும் முழுப் பிரதியைக் கேளுங்கள். தாத்தா பாட்டி பெயர், சாட்சிகள், பதிவு செய்ய வந்தவர் யார் என்பதெல்லாம் அதில்தான் கிடைக்க வாய்ப்பு. புத்தக எண், தாள் எண், பதிவு எண், ஆண்டு ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் மறுபடி அந்தப் பதிவைக் கண்டுபிடிப்பது கடினம்.

பக்க ஓரத்தைக் கட்டாயம் படியுங்கள். தந்தை பின்னாளில் ஏற்றுக்கொண்டது, நீதிமன்றம் பெயரைத் திருத்தியது, திருமணம் ஆகியவை ஓரக் குறிப்புகளாகவே எழுதப்பட்டிருக்கும். பிறந்து பல ஆண்டுகள் கழித்துச் செய்த தாமதப் பதிவுகளும் ஏராளம். 1932இல் பிறந்தவரை 1932ஆம் ஆண்டுப் புத்தகத்தில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். அடுத்த இருபது ஆண்டுகளையும் பாருங்கள்.

வீட்டிலிருந்தபடியே தேட, ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசக் கணக்கு போதும். 1801 முதல் 2010 வரையிலான அரசுப் பதிவுகள் என்ற தொகுப்பு அங்கே இருக்கிறது. பெயரைத் தட்டித் தேடுவது தொடக்கம் மட்டுமே. பட்டியலில் ஏறாத பக்கங்கள் நிறைய இருப்பதால், ஊரையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டும் பொறுமை வேண்டும்.

ஊர்ப் பெயர்களும் மாறியிருக்கும். 1936 முதல் 1961 வரை சான்டோ டொமிங்கோவின் பெயர் ‘சியுதாத் ட்ருஹியோ’. சர்வாதிகாரி தன் பெயரையே தலைநகருக்குச் சூட்டிக்கொண்டார். சால்செதோ மாகாணம் 2007 முதல் எர்மானாஸ் மிராபால்.

ஹைட்டியிலிருந்து வந்த குடும்பம் என்றால் இந்தத் தேடல் பொழுதுபோக்கு அல்ல. 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 168ஆம் தீர்ப்பு, ஆவணமற்ற வெளிநாட்டவரின் பிள்ளைகளாக 1929 முதல் அங்கே பிறந்தவர்களின் குடியுரிமையையே கேள்விக்குள்ளாக்கியது. அத்தகைய குடும்பங்களின் ஆவணப் படங்களைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

படி 4: கோயில் ஏடுகள்

அரசுப் பதிவு முடியும் இடத்தில் கத்தோலிக்க ஏடுகள் கைகொடுக்கும். 1590 முதல் 1955 வரையிலான தொகுப்பும் ஃபேமிலிசர்ச்சில் உண்டு. அதற்கு முந்தையவையும் இடையில் பலவும் ஏன் இல்லை? 1586இல் ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் சான்டோ டொமிங்கோவைச் சூறையாடிக் கொளுத்தினார். 1805இல் ஹைட்டியப் படை வடக்கே உள்ள சான்டியாகோ நகரையும் மோகாவையும் எரித்தது. 1863இல் ஸ்பெயினுக்கு எதிரான போரில் சான்டியாகோ மறுபடி எரிந்தது. வடக்கில் உங்கள் தேடல் திடீரென்று நின்றுபோனால் இந்த ஆண்டுகளை நினைவில் கொள்ளுங்கள்.

திருமுழுக்குப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சித்தப்பாவோ அத்தையோதான் அந்த இடத்தில் நிற்பார்கள். அடிமைமுறை 1822இல் இறுதியாக ஒழியும் வரை, அடிமைகளின் பதிவில் குடும்பப் பெயருக்குப் பதிலாக உடைமையாளரின் பெயர்தான் இருக்கும். கசப்பான விஷயம், ஆனால் ஆப்பிரிக்க வழியைத் தொடர அந்த உடைமையாளரின் உயிலையும் சொத்துப் பத்திரங்களையும் தேடுவதைத் தவிர வேறு வழி குறைவு.

எனக்கு மிகவும் பிடித்தவை, உறவுக்குள் மணம் செய்யத் திருச்சபை தந்த சிறப்பு அனுமதிகள். அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொள்வதில் நமக்கு வியப்பில்லை. திருச்சபைக்கோ அது தடை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்துக்கு முன், கொள்ளுத்தாத்தாவின் தந்தையைப் பொதுவாகக் கொண்டவர்கள்கூட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதற்காக மணமக்களின் உறவைத் தலைமுறை தலைமுறையாக விவரித்தாக வேண்டும். அப்படி ஒரு கோப்பு கிடைத்தால் நான்கு தலைமுறை ஒரே தாளில் கைக்கு வந்துவிடும்.

கையெழுத்துக்கு ஒரு குறிப்பு: ஹிமேனெஸ் என்ற பெயர் பழைய ஏட்டில் வேறு முதலெழுத்தில் இருக்கலாம், மரியா, ஃபிரான்சிஸ்கோ போன்றவற்றைச் சுருக்கி, கடைசி எழுத்தை மேலே ஏற்றி எழுதுவார்கள்.

படி 5: கோயில் ஏட்டில் இல்லையென்றால்

எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர். 1824, 1825இல் அமெரிக்காவிலிருந்து வந்து சாமனாவில் குடியேறிய விடுதலை பெற்ற கறுப்பினத்தவரின் வழியினர் மெதடிஸ்ட் சபையினர். சான் பெட்ரோ தே மகோரிஸின் கரும்பு ஆலைகளுக்கு, ஆங்கிலேயர் ஆண்ட கரீபியத் தீவுகளிலிருந்து வந்த ‘கோகோலோ’ மக்களுக்கு ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் ஏடுகளைப் பாருங்கள். பிறகு தேடல் அந்தத் தீவுகளுக்கே போகும். லெபனான், சிரியாவிலிருந்து வந்தவர்களின் பெயர்கள் ஸ்பானிஷ் வாய்க்கேற்ப மாறின.

1892க்கும் 1924க்கும் இடையில் எல்லிஸ் தீவு வழியாக 5,000க்கும் மேற்பட்ட டொமினிக்கர்கள் நுழைந்ததாக நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் டொமினிக்கன் ஆய்வு நிறுவனம் கண்டறிந்திருக்கிறது. குடும்பம் அறுபதுகளில்தான் வந்தது என்று சொல்லப்பட்டாலும் கப்பல் பயணிகள் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மரபணுச் சோதனையைக் கடைசியாக வையுங்கள். ஐரோப்பிய, ஆப்பிரிக்க, தைனோ (தீவின் பூர்வகுடி) விழுக்காடு வரும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் உறவுக்குள்ளேயே மணம் செய்த சமூகத்தில் தூரத்து உறவினர்கூட நெருங்கியவர் போலத் தெரிவார். ‘தேர்ட் கசின்’, அதாவது கொள்ளுத்தாத்தாவின் தந்தையைப் பொதுவாகக் கொண்டவர் என்று தளம் காட்டுபவர் உண்மையில் ஆறு தலைமுறை தள்ளியிருக்கலாம். சோதனை செய்வதானால் குடும்பத்தில் மூத்தவரை முதலில் சம்மதிக்க வையுங்கள். முடிவு வந்ததும் பொருந்துபவர்களிடம் உறவுமுறையைக் கேட்காதீர்கள். அவர்களின் பாட்டனார் எந்த ஊர் என்று கேளுங்கள்.