ஸ்கேனரை விடப் பெரிய பழைய படத்தைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்டுவது எப்படி?

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு குரூப் போட்டோ தொங்குகிறது. தேயிலைத் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, முன்னால் அறுபது பேருக்கு மேல் நிற்கிறார்கள். 24 அங்குல நீளம், 10 அங்குல உயரம். இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதில் பாதிப் பேர் தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டார்கள், அதனால் இப்போது தமிழ்நாட்டுக் கூடலூரில் இருக்கிற சித்தப்பாவுக்கும் ஒரு கொப்பி வேண்டுமாம். டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் கொடுத்தேன். நாலு ஏ4 துண்டாக ஸ்கேன் செய்து பெயின்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தந்தார்கள், அப்பாயிக்கு மூன்று கை இருந்தது.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். நான் பாவித்தது ஹுகின் (Hugin), துண்டுப் படங்களை ஒன்றாக ஒட்டும் மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். போட்டோஷொப்பில் போட்டோமேர்ஜ் போய் ரிபொசிஷன் என்று கொடுத்தாலும் இந்த வேலை நடக்கும், ஆனால் ஒரு படத்துக்காக யார் மாதச் சந்தா கட்டுவது? மைக்ரோசொப்டின் ஐசிஈ (இமேஜ் கொம்பொசிட் எடிட்டர்) இதையெல்லாம் விட லேசு, அதை அவர்களே நிறுத்திவிட்டார்கள், தெரியாத தளங்களிலிருந்து இறக்க எனக்கு மனமில்லை.

முதலில் ஸ்கேன். ஏ4 கண்ணாடியின் அகலம் எட்டேகால் அங்குலம், அதனால் 24 அங்குலத்துக்கு நாலு துண்டு எடுத்தால் ஒன்றோடொன்று மூன்று அங்குலம் போல மேவி வரும். அதற்குக் குறைக்காதீர்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஸ்கேனர் மென்பொருளில் ஓட்டோ வெளிச்சம், ஓட்டோ நிறம், கூர்மை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறத்தில் வரும். படத்தை எப்போதும் ஒரே பக்கம் பார்த்து வையுங்கள். தலைகீழாகத் திருப்பினால் ஸ்கேனர் விளக்கு எதிர்ப்பக்கமிருந்து விழும், சொரசொரப்பான தாளில் அது அப்படியே தெரியும். மூடியைத் திறந்தே வைத்து மேலே ஒரு தடித்த புத்தகத்தை வைத்து அழுத்துங்கள். மெல்லிய மலிவு ஸ்கேனர்களில் தாள் கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் எழும்பினாலே மங்கிவிடும்.

கண்ணாடியைத் துடைக்க மறக்காதீர்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. கண்ணாடியில் ஒட்டிய தூசி நாலு ஸ்கேனிலும் ஒரே இடத்தில் இருக்கும், மென்பொருள் அதையும் படத்தின் புள்ளி என்று நம்பிப் பொருத்தப் பார்க்கும். படத்தின் மேலேயே இருக்கிற பூஞ்சணப் புள்ளிகள் வேறு கதை, நம் ஊர் ஈரத்தில் அதற்குக் குறைவில்லை, பொருத்துவதற்கு அவை நல்ல அடையாளம். அதனால் சுத்தம் செய்யும் வேலையை ஒட்டி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் இரண்டு இரவு மாட்டிக்கொண்ட இடம். படங்களைப் போட்டு அலைன் பொத்தானை அமுக்கினேன், குரூப் போட்டோ வாழைப்பழம் போல வளைந்து வந்தது. ஸ்கேனைக் குறை சொல்லி மறுபடி எடுத்தேன், மறுபடியும் வாழைப்பழம். விஷயம் என்னவென்றால், ஹுகின் அடிப்படையில் ஒரே இடத்தில் நின்று கமராவைத் திருப்பித் திருப்பி எடுத்த படங்களுக்காகச் செய்யப்பட்டது. லிப்டன் சீட் மலையுச்சியில் நின்று சுற்றி எடுக்கிறோமே, அந்த மாதிரி. ஸ்கேனரில் எதுவும் திரும்புவதில்லை, தாள்தான் பக்கவாட்டில் நகர்கிறது. அதை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்டர்ஃபேஸ் மெனுவில் எக்ஸ்பர்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படங்களைச் சேர்க்கும்போது லென்ஸ் விவரம் கேட்கும், ஸ்கேனில் அந்தத் தகவல் இருக்காது. லென்ஸ் வகை நோர்மல், பார்வைக் கோணம் 10 என்று கொடுங்கள், நாலுக்கும் அதேதான். பிறகு ஹுகினோடு வரும் சிபிஃபைன்ட் (cpfind) மூலம் கன்ட்ரோல் பொயின்ட்களை, அதாவது இரண்டு துண்டிலும் பொதுவாக இருக்கிற புள்ளிகளை, உருவாக்குங்கள். அப்புறம் ஜியோமெட்ரிக் பகுதியில் கஸ்டம் பராமீட்டர்ஸ் தெரிவு செய்தால் ஒப்டிமைசர் என்று ஒரு டேப் திறக்கும். அங்கே கமரா திரும்புவதைக் குறிக்கும் யா (Yaw), பிட்ச் (Pitch) இரண்டையும், லென்ஸ் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அணையுங்கள். தாளின் சரிவைக் குறிக்கும் ரோல், நகர்வைக் குறிக்கும் எக்ஸ், வை மட்டும் இருக்கட்டும், அதுவும் முதல் படத்துக்கு வேண்டாம், மற்ற மூன்றுக்குத்தான். கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்தால் மாறும், தடித்த எழுத்தில் அடிக்கோட்டோடு இருப்பவைதான் கணக்கில் சேரும். ஒப்டிமைஸ் கொடுத்ததும் சராசரிப் பிழை ஒன்றிரண்டு பிக்சலுக்குள் வந்தால் நல்லது. வராவிட்டால் கன்ட்ரோல் பொயின்ட் பட்டியலைத் திறந்து தூரம் அதிகமானவற்றை அழித்துவிட்டு மறுபடி கொடுங்கள், பெரும்பாலும் அந்தத் தூசிப் புள்ளிகள்தான் அங்கே இருக்கும்.

ஸ்டிச்சர் டேபில் ப்ரொஜெக்ஷன் ரெக்டிலினியர், பிறகு பார்வைக் கோணத்தையும் அளவையும் அதையே கணக்கிடச் சொல்லி ஸ்டிச் அமுக்குங்கள். எனக்கு முதல் தடவை ஒட்டுக்கோடு அப்பாயியின் அக்கா முகத்தின் நடுவே விழுந்தது, அவரும் கப்பலேறிப் போனவர்தான், வேறு படமும் கிடையாது. மாஸ்க் டேபில் ஒரு துண்டில் மட்டும் அந்த முகத்தைச் சுற்றி வரைந்து விலக்கினேன், கோடு பக்கத்தில் இருந்த ஸ்டோர் சுவருக்கு நகர்ந்துவிட்டது.

பின்னர் சேர்த்தது: ஸ்கேனர் இல்லாமல் போனில் எடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம், போனைத் திருப்பாமல் படத்துக்கு நேர் மேலே ஒரே உயரத்தில் நகர்த்தி எடுங்கள், ஒப்டிமைசரில் யா, பிட்ச், இசட் மூன்றையும் கூடப் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் வேண்டாம், பளபளக்கும். மிஸ்ட் இறங்கியிருக்கிற பகலில் வாசலுக்குக் கொண்டுவந்து எடுத்தால் எந்த ஸ்டூடியோ விளக்கும் தேவையில்லை, தாள் நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முடிந்த படத்தை வட்சப்பில் சும்மா அனுப்பினால் அது சுருக்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள். சித்தப்பாவுக்கு முதலில் போனது சுருங்கின படம், இரண்டாவது வரிசையில் நிற்பது யார் என்று பெரிதாக்கிப் பார்க்க முடியவில்லை என்று அன்று இரவே ஏசிக்கொண்டு போன் எடுத்தார்.