பனிக்காலத்தில் பாரத்தோடு மலை இறங்குவது எப்படி? புதிய லொறிச் சாரதிகளுக்கு

ஜனவரி மாதம், விடியற்காலை நான்கு மணி. நுவரெலியாவில் மரக்கறி ஏற்றி முடித்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது விரல் மரத்துப்போகும். இரவு வானம் தெளிந்திருந்தால், லைட்டைப் போட்டதும் ஓரத்துப் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருப்பது தெரியும். நம் மலைநாட்டில் தார் வீதியே உறைந்துபோவது அரிது. ஆனால் ஈரமும் மூடுபனியும், தோட்டத்து டிரக்டர் டயரோடு வந்த சேறும், நனைந்த டர்பன்டைன் மரத்து இலையும் சேர்ந்தால் பாரவண்டி சறுக்க அதுவே போதும். புதிதாக லொறி எடுக்கும் தம்பிமார் என்னிடம் கேட்பதெல்லாம், "எப்படி அண்ணே பிரேக் பிடிக்கிறது?" என்றுதான். அதற்கு முன்னால் கியரைப் பற்றிக் கேட்க வேண்டும்.

1. புறப்படும் முன்

காற்று பிரேக் உள்ள வண்டியென்றால் முதலில் காற்றுத் தாங்கியின் அடிவால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். குளிரான இடத்தில் அதற்குள் ஈரம் சேரும். பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை முழுதாக ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தபடி மீட்டரைப் பாருங்கள். அழுத்தியதும் முள் கொஞ்சம் இறங்கும், அது வழமைதான். அதற்குப் பிறகு அந்த நிமிடத்துக்குள் 3 பிஎஸ்ஐக்கு (மீட்டரில் காட்டும் காற்றழுத்த அளவு) மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. அந்த வண்டியோடு மலை இறங்காதீர்கள்.

டயர் காற்றை ஓடுவதற்கு முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். கண்ணாடியை உள்ளேயும் துடைத்துவிடுங்கள்.

2. பாரம்

உருளைக்கிழங்கு மூட்டை கீழே, கோவாவும் லீக்ஸும் மேலே. கனம் மேலே போனால் வளைவில் வண்டி சாயும். வேறு இரகசியம் இதில் இல்லை.

3. இறக்கம் தொடங்குமுன் கியர்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். நாம் இறங்கிப் போகும் கண்டி ஏறக்குறைய 500 மீட்டர். இடையில் உள்ள உயரம் முழுவதையும் உங்கள் பாரம் இறங்கியாக வேண்டும். அந்த வேகத்தை யாராவது பிடித்து நிறுத்த வேண்டும். எஞ்சின் பிடிக்காவிட்டால் சில்லுக்குள் இருக்கும் பிரேக் டிரம்மே பிடிக்கும், பிடித்துப் பிடித்துச் சூடேறும். சூடு கூடினால் டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனிங் பிடிப்பை இழக்கும். பெடல் அதே இடத்தில்தான் இருக்கும், வண்டிதான் நிற்காது.

அதனால் கண்டி வீதியில் டொப்பாஸ் என்ற இடத்தைத் தாண்டி இறக்கம் தொடங்குமுன்னரே, வேகம் குறைவாக இருக்கும்போதே, சின்னக் கியருக்கு வந்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகை போகும் வழியை அடைத்து வண்டியை இழுத்துப் பிடிப்பது) இருந்தால் அதையும் போடுங்கள். பிரேக்கைத் தொடாமலே வண்டி வேகம் கூடாமல் இறங்கினால் கியர் சரி.

லொறி ஓட்டத் தொடங்கிய இரண்டாம் வருடம், இதே வீதியில் லபுக்கலைக்குக் கீழே நான்காவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். வேகம் கூடுகிறதே என்று கிளட்சை மிதித்து மூன்றுக்கு இழுத்தேன். விழவில்லை. நாலும் திரும்ப விழவில்லை. வண்டி நியூட்ரலில், பின்னால் முழுப் பாரம். மிச்சமெல்லாம் பிரேக்தான். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் கருகிய வாசம் கேபினுக்குள் வந்தது. மலைப் பக்கத்துக் கானோரம் உரசி நிறுத்தினேன். இறங்கியபோது காலில் பலமே இல்லை. இறக்கத்தின் நடுவில் கியரைக் குறைக்கப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வது அந்த இடத்தை நினைத்துத்தான்.

ஒன்று கவனியுங்கள்: வெறும் வண்டியில் பின்பக்கம் இலேசு. ஈரமான கூர் வளைவில் எக்ஸாஸ்ட் பிரேக் பின்சில்லைச் சறுக்க வைக்கும். அங்கே அதை நிறுத்திவிட்டு, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

4. பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள்

காலைப் பெடலிலேயே வைத்திருக்க வேண்டாம். மணிக்கு 25 கிலோமீட்டர் போதும் என்று முடிவெடுத்தால், 25ஐத் தொட்டதும் நிதானமாக, பலமாக அழுத்தி 17, 18க்குக் கொண்டுவாருங்கள். பிறகு முழுதாக விடுங்கள். திரும்ப 25 வரட்டும். இடையில் டிரம்முக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். சும்மா தட்டித் தட்டி மிதித்தால் காற்றுத்தான் தீரும்.

5. மூடுபனிக்குள்

ஹைபீம் வேண்டாம். வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். டிம்மில் போய், இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு லைட்டை நம்பிப் போனால், அவர் தவறும் இடத்தில் நாமும் தவறுவோம். ஓடும்போது இரண்டு பக்க சிக்னலையும் போட்டுக்கொண்டு போகும் பழக்கத்தையும் விடுங்கள். நீங்கள் நிற்கிறீர்களா, திரும்பப் போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்கு விளங்காது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். வளைவுக்கு அப்பால் அடிக்கும் ஹோர்ன் கேட்கும், கண்ணாடியில் ஆவி படிவதும் குறையும். ஏறி வருபவருக்கு வழி விடுங்கள். பாரத்தோடு ஏறுகிறவர் நின்றால் திரும்ப எடுப்பது கஷ்டம்.

ஹட்டன் பக்கம் போவதென்றால் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியை நினைக்கவே வேண்டாம். 2023 ஜனவரியில் 7 பேர் இறந்த இடம் அது. மிச்சமாகும் நேரத்துக்கு அந்த இறக்கம் பெறுமதியில்லை.

6. கருகிய வாசம் வந்தால்

பிரேக் கொஞ்சமாவது பிடிக்கும்போதே நிறுத்துங்கள். அடுத்த ஊர் வரை போய்ப் பார்ப்போம் என்ற எண்ணம் வேண்டாம். நிற்கவே மறுத்தால் பள்ளப் பக்கம் விடாமல் மலைப் பக்கத்து மண்ணில் உரசவிடுங்கள். வண்டி நசுங்கினால் திருத்தலாம்.

நின்றதும் சில்லுக்குக் கட்டை வையுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிக்கும். தானாக ஆறட்டும்.

வாசம் வராவிட்டாலும் கண்டி போகும் வழியில் புசல்லாவையில் தேநீருக்கு நிறுத்தும்போது ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது வேலையே செய்யவில்லை, அதன் பங்கையும் மற்றவை சுமந்து வந்திருக்கின்றன. இரண்டில் எதுவானாலும் முதலாளிக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.