செவ்வாயின் வக்கிர கதியை வரைபடத்தாளில் வரைந்து பார்ப்பது எப்படி?

செவ்வாய் கிரகம் நட்சத்திரங்களுக்கு நடுவே நாளுக்கு நாள் கிழக்கு நோக்கி நகரும். ஏறத்தாழ 780 நாட்களுக்கு ஒருமுறை நின்று, சில வாரங்கள் மேற்கே திரும்பிப் போய், மறுபடி கிழக்கே போகும். இப்படி மேற்கே திரும்பிப் போவதுதான் வக்கிர கதி. ஏன் என்பதை ஒரு வரைபடத்தாள், கவராயம், கோணமானி இருந்தால் நீங்களே கண்டுவிடலாம்.

தாளின் இடது ஓரத்தில், பாதி உயரத்தில் சூரியனுக்குப் புள்ளி வையுங்கள். அதை மையமாக்கி பூமிக்கு 6 செ.மீ., செவ்வாய்க்கு 9.1 செ.மீ. ஆரத்தில் வில் போடுங்கள். (செவ்வாயின் சராசரித் தொலைவு பூமியுடையதைப் போல் 1.52 மடங்கு.) முழு வட்டம் வேண்டாம். சூரியனிலிருந்து வலப்பக்கம் போகும் கிடைக்கோடு வில்களை வெட்டும் இடம்தான் 0 நாள். அன்று பூமியிலிருந்து பார்த்தால் செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும்.

20 நாளில் பூமி சுமார் 20 டிகிரி நகரும். 687 நாளில் சுற்றி முடிக்கும் செவ்வாய் 10.5 டிகிரிதான் நகரும். அந்தக் கணக்கில் கிடைக்கோட்டுக்கு மேலே 20, 40, 60 நாட்களையும், கீழே −20, −40, −60 நாட்களையும் இரு வில்களிலும் குறியுங்கள். ஒரே எண்ணுள்ள பூமிப் புள்ளியிலிருந்து செவ்வாய்ப் புள்ளி வழியாகக் கோட்டை 10 செ.மீ. வரை நீட்டுங்கள். கூரான பென்சில் முக்கியம்: 0 நாளில் இரு புள்ளிகளுக்கும் இடைவெளி 3.1 செ.மீ.தான்; 1 மி.மீ. பிசகினால் கோணம் கிட்டத்தட்ட 2 டிகிரி மாறிவிடும்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். கோடுகள் தாளின் ஓரத்தைத் தொடும் இடங்களை ஒப்பிட்டால் வக்கிரமே தெரியாது. செவ்வாய் நேராகப் போவதாகத்தான் தோன்றும். நட்சத்திரங்கள் தாளின் ஓரத்தில் இல்லை, எட்டாத் தொலைவில் இருக்கின்றன. அதனால் திசையை மட்டுமே ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு பூமிப் புள்ளியிலும் கோணமானியை வைத்து, தாளின் கிடைக்கோடுகளோடு கோணத்தை அளவிடுங்கள் (கோடு வலப்பக்கம் மேலே ஏறினால் +, கீழே இறங்கினால் −). −60 நாளிலிருந்து வரிசையாக ஏறத்தாழ +5, +8.5, +6.5, 0, −6.5, −8.5, −5 டிகிரி வரும். கோணம் ஏறினால் கிழக்கு, இறங்கினால் மேற்கு. செவ்வாய் திரும்பவே இல்லை. வேகமான பூமி அதை முந்திச் செல்கிறது, அவ்வளவுதான்.

2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி பூமியை அசையாமல் நிறுத்தி, 60 அலகு ஆரமுள்ள பெரிய வட்டத்தின் மேல் 39.5 அலகு ஆரமுள்ள சிறிய வட்டத்தில் செவ்வாயைச் சுழலவிட்டார். 60-ஐ 39.5-ஆல் வகுத்துப் பாருங்கள்: அதே 1.52! அந்தச் சிறிய வட்டம் உண்மையில் பூமியின் பாதை. 1543-இல் கோபர்நிக்கஸ் அதை சூரியனைச் சுற்றி வைத்தார்.

உங்கள் படத்தில் வக்கிரம் சுமார் 73 நாள் நீடிக்கும். வானத்தில் 2027 ஜனவரி 10 முதல் ஏப்ரல் 1 வரை, 81 நாள். இந்த வித்தியாசம் உங்கள் பிழையல்ல. செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று 1609-இல் கெப்ளர் காட்டினார். 2027-இல் செவ்வாய் சூரியனிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் பகுதியில், மெதுவாக நகரும். சூரியனுக்கு நேர் எதிரே வரும் பிப்ரவரி 19 அன்று அது மகம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வாரம் ஒருமுறை இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்து வந்தால் போதும்.