புதிய பட்டர்கப் இனமொன்றை விவரித்து எழுதுவது எப்படி: திருகோணமலையிலிருந்து ஒரு செய்முறை

கடலும் வெயிலும் உள்ள திருகோணமலையில் இருந்துகொண்டு பட்டர்கப் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிக்கிறார்கள். சிரிப்பதில் நியாயம் உண்டு. ரனன்குலேசியே என்ற இந்தத் தாவரக் குடும்பம் குளிர்ந்த நாடுகளில் செழிப்பது. இலங்கையில் ரனன்குலஸ் சஜிட்டிஃபோலியஸ், தாலிக்ட்ரம் ஜாவானிக்கம் போன்றவற்றைப் பார்க்க மலைநாட்டுக்குத்தான் ஏற வேண்டும். ஆனாலும் நம் அடுப்படியில் இருக்கும் கருஞ்சீரகம் இதே குடும்பம்தான். தாழ்நிலக் காட்டோரங்களில் மரங்களைப் பற்றி ஏறும் நரவெல் கொடியும் இதே குடும்பம்தான். பயிற்சிக்கு இவை இரண்டும் போதும்.

யாரும் பெயரிடாத இனமாக இருக்கலாம் என்று நீங்கள் சந்தேகிக்கும் ஒரு செடி கிடைத்துவிட்டது. அதை முறைப்படி விவரித்து வெளியிட வேண்டும். அந்த வேலையைத்தான் இங்கே சொல்கிறேன். காட்டில் எப்படி நடப்பது, லென்ஸை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

செடியைத் தொடுவதற்கு முன்

அனுமதி. தேசியப் பூங்கா என்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், ஒதுக்கப்பட்ட காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம். அனுமதி இல்லாமல் பறித்த மாதிரியை வைத்துக் கட்டுரை எழுதினால் நல்ல சஞ்சிகைகள் வாங்க மாட்டார்கள். வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு இலைத்துண்டு அனுப்புவதற்கும் தனி அனுமதி வேண்டும். இந்தப் படியை "பிறகு பார்க்கலாம்" என்று ஒத்திவைப்பவர்களுக்கு மேலே வாசிப்பதால் பயன் இல்லை.

அடுத்தது கையுறை. இந்தக் குடும்பத்தின் பல செடிகளைப் பச்சையாகக் கசக்கினால் புரோட்டோஅனிமோனின் என்ற பொருள் உருவாகும். தோலில் பட்டால் எரியும், கொப்புளமும் வரலாம். காய்ந்த பிறகு அது வீரியமற்ற பொருளாக மாறிவிடும். அதனால் உலர்ந்த மாதிரியைத் தைரியமாகக் கையாளலாம்; பச்சைச் செடியை அழுத்தும்போது மட்டும் கவனம்.

சேகரிப்பு

ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே தொகுதியிலிருந்து பல பிரதிகள் எடுங்கள். செடிகள் அதைத் தாங்கும் எண்ணிக்கையில் இருந்தால் மட்டும். சில செடிகளே நிற்கும் இடத்தில் ஒரு கிளையும் நிறையப் படங்களும் போதும். வேரோடு பிடுங்கிக் குவிப்பவரைத் தாவரவியலாளர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஜெல் பேனா எழுத்து ஸ்பிரிட் பட்டால் கரையும், மழை பட்டால் ஊறும். பூவின் நிறத்தை அங்கேயே எழுதிவிட வேண்டும். தாளுக்குள் போன பிறகு மஞ்சளும் வெள்ளையும் பழுப்பாகிவிடும். புல்லியிதழ்கள் விரிந்து நின்றனவா, கீழ்நோக்கி மடங்கிக் கிடந்தனவா என்பதும் உடனே பதிய வேண்டிய தகவல். ரனன்குலஸ் சாதியில் (பல இனங்களை அடக்கிய பேரினத்தில்) இனங்களைப் பிரிக்க அது உதவும். காய்ந்த மாதிரியில் புல்லிகள் பாதி உதிர்ந்திருக்கும்.

இரண்டு மூன்று பூக்களை எழுபது வீத எதனோலில் போடுங்கள். சில இளம் இலைகளைச் சிலிக்கா ஜெல்லில் போடுங்கள், டி.என்.ஏ. வேலைக்கு அது வேண்டும்.

அழுத்துவதற்குப் பழைய செய்தித்தாளே சிறந்தது. வழுவழுப்பான வண்ண இதழ்கள் ஈரத்தை உறிஞ்சாது. மலையிலிருந்து இறங்கி மாதிரியை இங்கே கொண்டுவந்து உலர்த்துபவர்கள் காலத்தைப் பார்க்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் தாளை மாற்றிக்கொண்டே இருந்தால் தானாகவே காய்ந்துவிடும். வாடைக்காற்றோடு மழை பிடிக்கும் கார்த்திகை, மார்கழியில் அந்த நம்பிக்கை வேண்டாம். பூஞ்சணம் ஒரே இரவில் ஏறும். ஒரு மரப்பெட்டிக்குள் சூடேறும் பழைய வகை மின்குமிழைப் பொருத்தி, அதற்கு மேலே அழுத்துபலகையை வைத்து, மெல்லிய சூட்டில் உலர்த்துங்கள். விலை கூடிய உலர்த்திகளை நான் பரிந்துரைப்பதில்லை. பெட்டியும் குமிழும் அதே வேலையைச் செய்கின்றன.

அல்லியா, புல்லியா?

புதியவர்கள் எல்லோரும் தடுக்கும் இடம் இது. எனக்கும் அதிக நேரம் பிடித்த படி இதுதான்.

பாடசாலையில் படித்த பூவில் வெளியே பச்சைப் புல்லி, உள்ளே வண்ண அல்லி. இந்தக் குடும்பம் அந்த ஒழுங்கை மதிப்பதில்லை. குளெமாட்டிஸ் கொடிகளில் வெள்ளையாகத் தெரியும் நான்கும் புல்லிகள்தான், அல்லி கிடையாது. தாலிக்ட்ரத்தில் புல்லிகளும் சீக்கிரம் உதிர்ந்துவிடும். பூவுக்கு அழகு கொடுப்பது கேசரங்கள். இந்த மூன்றில் ரனன்குலஸில் மட்டும் பாடப்புத்தகப் படி புல்லியும் அல்லியும் தனித்தனி. அங்கும் ஒவ்வோர் அல்லியின் அடியிலும் ஒரு சிறு தேன்குழி இருக்கும். அதன் வடிவத்தையும் அதை மூடும் செதில் இருக்கிறதா என்பதையும் எழுதாத விவரணம் அரைகுறை.

ஆகவே "இதழ்கள் ஐந்து" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். மொட்டைப் பிளந்து பாருங்கள். வெளியில் இருந்து உள்ளே ஒவ்வொரு வட்டமாகக் கழற்றி, வரைபடத் தாளில் வரிசையாக ஒட்டுங்கள். கேசரங்கள் பல, ஒன்றோடொன்று ஒட்டாதவை. நடுவில் சூல்வித்திலைகளும் (சூலகத்தின் கூறுகள்) பெரும்பாலும் தனித்தனியாகவே நிற்கும். கருஞ்சீரகம் இங்கே ஒரு விதிவிலக்கு: அதன் சூல்வித்திலைகள் ஒன்றோடொன்று இணைந்து காயாகும். கடையில் வாங்கிய கருஞ்சீரகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். மூலைகள் கொண்ட, சுருக்கம் விழுந்த அந்த விதையை ஒரு பந்தியில் விவரித்துப் பழகினால் மேற்பரப்பைச் சொற்களில் கொண்டுவரும் கை வந்துவிடும்.

காய்ந்த பூவை வெட்டுவதானால் முதலில் வெந்நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவையுங்கள். உலர்ந்தபடியே அளந்தால் அளவு குறைவாக வரும். எந்த நிலையில் அளந்தீர்கள் என்பதைக் கட்டுரையில் சொல்லியே ஆக வேண்டும்.

கனி இல்லாமல் எழுத வேண்டாம்

பூவைக் கண்டதும் எழுதத் தொடங்குகிறார்கள். ரனன்குலஸ் இனங்களைப் பிரிப்பதில் பெரும்பங்கு அதன் வெடியாக் கனிக்கு உண்டு: நீளம், தட்டையா உருண்டையா, மேற்பரப்பு வழுவழுப்பா முடிச்சு முடிச்சா, நுனியில் உள்ள அலகு நேரா வளைந்ததா. குளெமாட்டிஸிலும் நரவெல்லிலும் தம்பம் (சூலகத்தின் மேல்காம்பு) நீண்டு மயிர்க்குஞ்சம் போலாகிக் காற்றில் பறக்கும். அந்த வாலின் நீளம் வேண்டும். பூத்த இடத்துக்குக் கனிக் காலத்தில் மறுபடி போகத் திட்டமிடுங்கள். போக முடியாவிட்டால் கட்டுரையைத் தள்ளிப்போடுங்கள்.

அளவு

ஒரே செடியின் பத்து இலைகளை அளப்பதைவிடப் பத்துச் செடிகளில் ஒவ்வோர் இலையை அளப்பது மேல். இனம் என்பது வீச்சு. "2.5–4 (–5) செ.மீ." என்று எழுதினால், வழக்கமாக இரண்டரையிலிருந்து நான்கு வரை, அரிதாக ஐந்து என்று பொருள். படத்திலிருந்து அளக்க இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் போதும். படத்துக்குள் அளவுகோல் இருக்க வேண்டும். சிறிய கனிகளுக்கு டிஜிட்டல் வேர்னியரைவிட, நுண்நோக்கிக்குக் கீழே வைத்த வரைபடத் தாளையே நான் நம்புகிறேன். வேர்னியரின் தாடை கனியை நசுக்கிவிடும்.

ஒப்பிடுதல்: உண்மையான வேலை

திரைமனின் இலங்கைத் தாவரக் கைநூலை (1893–1900) எடுங்கள். முதல் குடும்பமே ரனன்குலேசியே என்பதால் நெடுநேரம் புரட்ட வேண்டியதில்லை. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குப் பிறகு 1980 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த திருத்திய கைநூல். பின்னர் கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியல். இந்தியாவின் தென்பகுதி மலைகளில் வளரும் இனங்களையும் விடக்கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முன்பே பெயர் பெற்ற செடிக்கு இங்கே மறுபெயர் சூட்டினால், அது பிறகு ஒருவர் வந்து தள்ளிவிடும் பெயராகும்.

பழைய பெயர்களின் மூல மாதிரிகளை, அதாவது அந்தப் பெயர்கள் நிலையாகச் சார்ந்திருக்கும் மாதிரிகளை, பார்க்க வேண்டும். நரவெல் கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1670களில் பவுல் ஹெர்மன் இலங்கையில் சேகரித்த தாவரங்களை வைத்து லின்னேயஸ் எழுதினார். 1753இல் அட்ராஜீனி சைலானிக்கா என்று பெயரிட்டார். பின்னர் அது நரவேலியா சாதிக்குப் போனது. இன்று சிலர் குளெமாட்டிஸுக்குள்ளேயே வைக்கிறார்கள். ஹெர்மனின் தாள்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன, இணையத்திலேயே பார்க்கலாம். ஆனாலும் பேராதனைத் தேசிய ஹேர்பேரியத்துக்கு (உலர்ந்த தாவர மாதிரிகளின் காப்பகம்) நேரில் போங்கள். திரையில் மயிர்கள் தெரியாது.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் "வேறுபாட்டுக் குறிப்பு" எழுத முடியும். நெருங்கிய உறவு எது, அதிலிருந்து இது எவ்வகையில் வேறு என்று சொல்லும் சில வரிகள் அவை. தெரிந்த இரண்டு செடிகளை வைத்து ஒரு மாதிரி தருகிறேன்:

"நரவேலியா சைலானிக்கா, குளெமாட்டிஸ் கௌரியானாவை ஏறுகொடி இயல்பிலும் எதிரெதிர் இலையமைவிலும் இறகுவால் கனியிலும் ஒத்தது. ஆனால் இலையில் இரண்டு சீறிலைகளே உள்ளன, நுனிச் சீறிலை தந்தாக (பற்றுக்கம்பியாக) மாறியுள்ளது (மற்றதில் சிறகுக் கூட்டிலை, தந்து இல்லை). புல்லிகளுக்கு உள்ளே ஒடுங்கிய அல்லி போன்ற உறுப்புகள் உள்ளன (மற்றதில் இல்லை)."

ஒவ்வொரு பண்புக்கும் அடைப்புக்குறிக்குள் மற்றச் செடியின் நிலையைச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். "மிக அழகான பெரிய பூக்கள்" என்ற வரிக்கு இங்கே வேலை இல்லை. வேறுபாடு ஒரே பண்பில் மட்டும், அதுவும் மயிரின் அடர்த்தியில் மட்டும் என்றால், அது புதிய இனம் என்பதில் எனக்குச் சந்தேகம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பண்புகள் சேர்ந்து மாறினால் துணிந்து எழுதலாம்.

பெயர்

சாதிப் பெயரின் பாலுக்கு ஏற்ப இனப்பெயரின் ஈறு மாறும். ரனன்குலஸ் ஆண்பால், ஆகவே சஜிட்டிஃபோலியஸ். நரவேலியா பெண்பால், ஆகவே சைலானிக்கா. தாலிக்ட்ரம் அலிப்பால், ஆகவே ஜாவானிக்கம். ஆள் பெயர் வைப்பதானால் கண்டெடுத்தவருக்கு வைப்பது நல்ல மரபு: அமெரிக்காவின் அலபாமாவில் ஜேம்ஸ் மோர்ஃபீல்ட் கண்ட கொடிக்கு 1987இல் ராபர்ட் க்ரால் குளெமாட்டிஸ் மோர்ஃபீல்டியை என்று பெயரிட்டார். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ள விதி தடை செய்யவில்லை. ஊர் சிரிக்கும், அவ்வளவுதான்.

சட்டப்படி செல்லுபடியாக

தாவரப் பெயரிடல் விதிகள் கேட்பவை சில. விவரணமோ வேறுபாட்டுக் குறிப்போ இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். 1935 முதல் 2011 முடியும்வரை இலத்தீன் மட்டுமே. 2012இலிருந்து ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. தமிழ் விவரணத்தைக் கூடுதலாகச் சேர்க்கத் தடை இல்லை; நான் சேர்க்கச் சொல்வேன். மூல மாதிரி ஒன்றைச் சுட்டி, "மூல மாதிரி" என்பதற்கான சொல்லையும் எழுதி, அது எந்த ஹேர்பேரியத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். பேராதனையின் குறியீடு பி.டி.ஏ. இணையத்தில் மட்டும் வரும் சஞ்சிகை என்றால் அது ஐ.எஸ்.எஸ்.என். என்ற சஞ்சிகை அடையாள எண்ணுடன் பி.டி.எஃப். வடிவில் வெளிவர வேண்டும். முகநூலில் போட்ட பெயர் வெளியீடாகாது.

அரிய செடியாக இருந்தால் துல்லியமான ஆள்கூறுகளை அச்சிடாதீர்கள். மாவட்டமும் உயரமும் வாழிடமும் போதும்.

பின்சேர்க்கை: வாசகர் கேள்விகளால்

கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "சேர், பூவை மாசியில் எடுத்தேன், கனியைச் சித்திரையில் எடுத்தேன். இரண்டையும் சேர்த்து ஒரே மூல மாதிரியாகக் காட்டலாமா?" காட்ட முடியாது. மூல மாதிரி ஒரே சேகரிப்பைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்: ஒரே சேகரிப்பாளர், ஒரே இடம், ஒரே நேரம். இரண்டு நாட்களை ஒரே மூல மாதிரியாகக் குறிப்பிட்டால் பெயரே செல்லுபடியாகாமல் போகலாம். பூவுள்ள தாளை மூல மாதிரியாக வையுங்கள். அதே நாளில் அதே சேகரிப்பில் எடுத்த மற்றப் பிரதிகள் துணைப் பிரதிகள். சித்திரை மாதக் கனியை வேறு சேகரிப்பு எண்ணில் கூடுதல் மாதிரியாகக் குறிப்பிடுங்கள். இதற்காகத்தான் சேகரிப்பு எண்ணை வாழ்நாள் முழுதும் ஒரே தொடராக ஓட விடச் சொல்கிறேன். வருடாவருடம் ஒன்றிலிருந்து தொடங்குபவர்களின் தாள்களை வகைப்படுத்துவது தலைவலி.

இன்னொருவர், செடி பெரிதாக இருந்ததால் இரண்டு தாள்களில் ஒட்டியதாகவும் அப்போது மூல மாதிரி எது என்றும் கேட்டார். இரண்டும் ஒரே செடியின் பகுதிகளானால், "தாள் 1/2", "தாள் 2/2" என்று இரண்டிலும் தெளிவாக எழுதி, ஒரே எண்ணைப் போட்டு, ஒரே மாதிரியாகக் காட்டலாம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பிறகு வருபவர் இரண்டையும் தனித்தனிப் பிரதிகளாகவே எடுத்துக்கொள்வார். ஒட்டும் முன்பே லேபிளை எழுதிவிடுங்கள்.