பூட்டியைத் தேடி ஊருக்குப் போகிறீர்களா? முதலில் காணியின் பெயரைக் கேளுங்கள்

இந்த முறை யாழ்ப்பாணம் போகும்போது கோயில், கலியாண வீடு, சொந்தக்காரர் வீடு எல்லாம் முடிந்து இரண்டு மூன்று நாள் மிச்சம் இருந்தால், உங்கள் அம்மம்மாவின் அம்மாவை, அதாவது பூட்டியை, தேடிப் பாருங்கள். அவர் எங்கும் வேலைக்குப் போகாதவர், ஒருவேளை கையெழுத்துப் போடவும் தெரியாதவர். ஆனாலும் அவரைப் பற்றிய தாள்கள் எங்கேயோ இருக்கும். நான் தொடங்கியபோது என்னிடம் இருந்தது என் பூட்டியை வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்றுதான்.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பிறகு புருஷன் பெயர், வீட்டில் கூப்பிட்டது ஒன்று, பதிவில் இருப்பது இன்னொன்று. அந்தக் காலத்து நாகமுத்துவும் சின்னப்பிள்ளையும் ஒரே ஊரில் பல பேர். அதனால் விமானம் ஏறுவதற்கு முன்பே, இருக்கிற மூத்தவர்களுக்குப் போன் எடுத்து தகப்பன் பெயர், புருஷன் பெயர், பிறந்து வளர்ந்த குறிச்சி மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அப்புறம் கட்டாயமாக நாலாவதாக ஒன்று: அவருக்குச் சீதனமாகக் கொடுத்த காணியின் பெயர். ஊரில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் உண்டு, ஆட்களின் பெயரை மறந்தவர்கள்கூட அதை மறப்பதில்லை.

ஏன் காணி என்றால், ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் பெண்ணுக்கே உரியது. விற்க வேண்டுமென்றால் புருஷனின் சம்மதம் வேண்டும், அது வேறு கதை, ஆனால் உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், பெயர் பெண்ணின் பெயர்தான். இலங்கையில் பிறப்பு, விவாகம், இறப்புப் பதிவு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சட்டமாக வந்தாலும், தாலி கட்டியதோடு சரி, பதியாமலே விட்ட கலியாணங்கள் ஏராளம். விவாகப் பதிவு கிடைக்காவிட்டால் மனம் சோராதீர்கள். சீதன உறுதியில் உள்ள திகதிதான் கலியாணம் எப்போது நடந்தது என்பதற்கு நல்ல தடயம்.

என் பூட்டியின் உறுதியை ஒரு மாமி வீட்டில் பார்த்தேன். நாலாக மடித்த தாள், மடிப்புகளில் கிழிந்து துண்டு துண்டாகிற நிலை. இரண்டு பரப்புக் காணி, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை, நகைகளின் பெறுமதி, நாலு பக்கமும் யார் யாருடைய காணி என்ற எல்லை விபரம். கடைசியில் அவருடைய பெயரை யாரோ எழுதியிருக்க, அதன் நடுவே கொஞ்சம் சரிந்த ஒரு புள்ளடி. கையெழுத்துக்குப் பதிலாக அவர் கையால் போட்டது அது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து உறுதியைக் காட்டுங்கோ என்று கேட்டால், காணிக்குப் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றுதான் ஊரில் நினைப்பார்கள், அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. முதல் நாள் உறுதியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இருந்து தேத்தண்ணி குடித்து ஆச்சியைப் பற்றிக் கதை கேளுங்கள், காணி எனக்கு வேண்டாம், அவருடைய சரித்திரத்தை எழுதுகிறேன் என்று வாய் திறந்து சொல்லுங்கள். மூலத்தை வெளியே கொண்டுபோகக் கேட்காதீர்கள், அந்த வீட்டிலேயே வெளிச்சமான இடத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

போரினால் வந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலோ அதற்கு முன்னோ பின்னோ உறுதி தொலைந்துபோன வீடுகள் நிறைய. அப்படியென்றால் காணிப் பதிவகம் இருக்கிறது. நொத்தாரிசு தான் எழுதிய உறுதியின் ஒரு பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஊர்ப் பெயரும் காணியின் பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் கையில் இருந்தால்தான் தேடுவது சுலபம். பிறப்பு, இறப்புப் பிரதிகளுக்குப் பிரதேச செயலகம் போக வேண்டும். காலையிலேயே போங்கள், போயா நாளில் எல்லாம் பூட்டு என்பதை நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள்.

காசு செலவில்லாமல் கிடைக்கிற பெரிய சொத்து கல்வெட்டு. அதாவது இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகம். பூட்டிக்கு அடித்திருக்காவிட்டாலும் அவருடைய பிள்ளைகளுக்கு அடித்திருப்பார்கள், அதில் வம்சாவளி இருக்கும், பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர் எல்லாம் இருக்கும். புலம்பல் பாட்டுகளையும் விடாமல் வாசியுங்கள், எந்த மகள் கடைசிவரை பார்த்தாள் என்பது அதில்தான் தெரியும். நூலகம் (noolaham.org) என்ற இணையத்தளத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்கள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள், புறப்படும் முன் அங்கே ஒருமுறை தேடுங்கள்.

கல்வெட்டில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவிலும் பழைய சாதகத்திலும் ஆண்டுக்குப் பெயர் மட்டும்தான் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும்: விஜய வருடம் 1893இலும் தொடங்கியது, 1953இலும் தொடங்கியது. பிள்ளைகளின் வயதோடு ஒப்பிட்டால் எது என்று பிடிபட்டுவிடும்.

எல்லை விபரத்தை எழுதிக்கொண்டு அந்தக் காணிக்கும் ஒருமுறை நடந்து போங்கள். நான் போனபோது வடக்கு எல்லையில் எழுதியிருந்த ஒழுங்கை அப்படியே இருந்தது, கிணறும் இருந்தது, வீடுதான் இல்லை.

திரும்பி வந்ததும் எடுத்த படங்களை நல்ல தாளில் அச்சிட்டு, உறுதி காட்டியவர்களுக்கு அனுப்பிவையுங்கள். மாமிக்கு நான் அனுப்பியது கிடைத்த அன்று இரவே போன் எடுத்தார். சின்னம்மா வீட்டுப் பரணில் இன்னொரு றங்குப்பெட்டி கிடக்காம்.