‘குடும்பச் செலவு’ என்று எழுதினால் போதுமா?

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை வங்கியில் பெற நிரப்பும் படிவத்தில் ‘நோக்கம்’ என்றொரு கட்டம் இருக்கிறது. வாடிக்கையாளர் வாயைத் திறக்கும் முன்பே ‘குடும்பச் செலவு’ என்று வங்கி ஊழியர்களாகிய நாமே எழுதிவிடுகிறோம். நான் வேலை பார்த்த கொழும்புக் கிளையொன்றில் அதற்கு ரப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தார்கள். விதிகள் எல்லாம் தாளில் ஒழுங்காக இருக்க, கேட்கும் பழக்கம் மட்டும் செத்துப்போவது இப்படித்தான்.

ஓர் இளைஞரின் கணக்குக்கு ஒரே மாதத்தில் நான்கு நாடுகளிலிருந்து ஒன்பது பேர் அனுப்பியிருந்தார்கள். ஒன்பது தாளிலும் அதே முத்திரை. அவர்களில் ஒருவரைக்கூட அவருக்குத் தெரியாது என்பது கேட்ட பிறகுதான் வெளிவந்தது. வரும் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிக் கொடுத்தால் தரகு தருவதாக இணையத்தில் யாரோ ‘வேலை’ கொடுத்திருக்கிறார்கள்.

பத்து இலட்சம் ரூபாய் என்ற எல்லை இன்னொரு மயக்கம். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின்படி அந்த அளவை எட்டும் பரிமாற்றங்கள் கள்ளப் பணப் புழக்கத்தைக் கண்காணிக்கும், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குப் போகின்றன. அதற்குக் கீழே என்றால் கவலையில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சந்தேகத்துக்குக் குறைந்தபட்சத் தொகை கிடையாது. ஒன்பதரை இலட்சமாக மூன்று நாள் தொடர்ந்து வந்தால் அதுவே கேள்வி கேட்கப் போதுமான காரணம். சந்தேகம் எழுந்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் அந்தப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது, நெடுநாள் பழக்கமானவராக இருந்தாலும்.

பெயர்தான் நமக்கே உரிய தலைவலி. சிவகுமாரை ஆங்கிலத்தில் ‘வி’ போட்டும் எழுதலாம், ‘டபிள்யூ’ போட்டும் எழுதலாம். இங்கே முதலெழுத்தாக நின்ற தகப்பன் பெயர் கனடாவில் குடும்பப் பெயராகிவிடுகிறது. பணப் பரிமாற்றத்துக்குத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலோடு பெயர்களை ஒப்பிடும் மென்பொருள் நாள் முழுக்க எச்சரித்துக்கொண்டிருக்கும். அலுத்துப்போய் எல்லாவற்றையும் தட்டிவிடுகிறவரும் உண்டு. பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவைக்கிறவரும் உண்டு. பிறந்த திகதி, பிறந்த இடம், கடவுச்சீட்டு இலக்கம் மூன்றையும் பார்த்து, ஏன் விடுவித்தோம் என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? ‘பொருந்தவில்லை’ என்று மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம்.

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியிலிருந்து களவாடிய பணத்தில் 2 கோடி டொலர் இலங்கைத் தொண்டு நிறுவனமொன்றின் பெயருக்கு வந்தது. பெயரில் இருந்த எழுத்துப்பிழை காட்டிக்கொடுத்த கதையைப் பயிற்சி வகுப்புகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இவ்வளவு பெரிய தொகை இங்கே ஏன் வருகிறது என்று கொழும்பு வங்கியிலும் ஒருவர் ஐயப்பட்டதாகச் செய்தி வெளியானது. அதை யாரும் சொல்வதில்லை. திருடன் எழுத்துப்பிழை விடுவான் என்று காத்திருக்க முடியுமா?

கேள்வி கேட்டால் சனம் வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் மாற்றும் உண்டியலுக்குப் போய்விடும் என்பது முகாமையாளர்களின் பயம். விசாரணை போலக் கேட்டால் போகும்தான். வெள்ளவத்தையிலிருந்து வந்த வயதான ஒருவரிடம், “அனுப்பியவர் உங்களுக்கு என்ன முறை, அம்மா?” என்று கேட்டேன். பேரனின் படிப்பு, டொரொன்டோக் குளிர், தன் கண் என்று பத்து நிமிடம் பேசினார். வரிசை வாசல்வரை நீண்டது. கட்டத்தில் எழுதினேன்: ‘கண்புரைச் சத்திரசிகிச்சை. மகளின் மகன்.’