மேல் பல் வலியா, சைனஸா? குனிந்து பாருங்கள்

சளி பிடித்து நாலைந்து நாளில் மேல் கடைவாய்ப் பற்கள் வரிசையாக வலித்தால், உடனே பல்லைக் குறை சொல்லிவிடாதீர்கள். கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் தரைக்குச் சற்றுக் கீழேதான் அந்தப் பற்களின் வேர்கள் இருக்கின்றன. நடுவில் உள்ள எலும்பு சிலருக்கு மிக மெல்லியது.

குனியும்போது கன்னம் கனத்து, ஒரே பக்கத்தில் பல பற்கள் சேர்ந்து வலித்தால் பெரும்பாலும் சைனஸ்தான். ஒரே ஒரு பல், அதுவும் தட்டினாலோ குளிர்ந்த நீர் பட்டாலோ சுரீரென்றால் பல் மருத்துவரிடம் போங்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால், சொத்தைப் பல்லின் வேரிலிருந்து சீழ் மேலே ஏறியிருக்கலாம்.

இந்த அறையின் வடிகால் துளை, விசித்திரமாக, மூக்கை ஒட்டிய சுவரின் மேல் பக்கத்தில் இருக்கிறது. தொட்டியின் விளிம்பில் ஓட்டை போட்ட மாதிரி! நிமிர்ந்திருந்தால் சளி எளிதில் வடியாது. வலிக்கும் கன்னம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்தால் துளை கீழே வரும், கொஞ்சம் வடியும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் உதவும், ஆனால் கொதிக்கவைத்து ஆற்றிய நீராக இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. கண்ணுக்கும் அதை ஒட்டிய சைனஸுக்கும் நடுவே காகிதச் சுவர்தான். இமை வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.